அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் பிடிபடுகிறவர்களின் உடல்நலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லை தாண்டி வருகிறவர்களை உள்ளே விடலாமா, திருப்பி அனுப்பலாமா என்ற சண்டை எப்போதும் நடக்கிறது. இந்தப் பக்கம் அதைப் பற்றியது அல்ல. பிடிபட்ட ஒருவர் நாட்டுக்குள் விடப்படும்வரை, அல்லது திருப்பி அனுப்பப்படும்வரை, அவர் உடம்புக்கு என்ன ஆகிறது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

உலகத்தில் எத்தனையோ எல்லைகள் இருக்க, ஏன் இந்த எல்லை?

ஏனென்றால் மற்ற எல்லைகளை விட இங்கே ஆவணங்கள் அதிகம். நீதிமன்றப் பதிவுகள், பிரேதப் பரிசோதனை அறிக்கைகள், அரசின் சொந்த ஒப்புதல்கள், கண்காணிப்புக் கேமரா காட்சிகள் எல்லாம் வெளியே வந்திருக்கின்றன. அப்புறம், 3,100 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்த எல்லையில் 2022இல் மட்டும் 686 பேர் இறந்தோ காணாமலோ போனதாக ஐ.நா.வின் புலம்பெயர்வு அமைப்பு பதிவு செய்திருக்கிறது. அந்த அமைப்பின் கணக்கில், தரைவழிப் புலம்பெயர்வுப் பாதைகளில் அந்த ஆண்டு இதுதான் உலகிலேயே அதிக உயிர் குடித்தது.

பெரும்பாலும் எதனால் சாகிறார்கள்? துப்பாக்கிச் சூடா?

இல்லை. வெயில், தாகம், ஆற்றில் மூழ்குவது, வாகன விபத்து, சுவரிலிருந்து விழுவது. இதில் வெயிலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1990களின் தொடக்கம்வரை ஆட்கள் ஊருக்கு ஊர் கடந்தார்கள். மெக்சிகோவின் ஹுவாரெசிலிருந்து அமெரிக்காவின் எல் பாசோவுக்கு, டிஹுவானாவிலிருந்து சான் டியேகோவுக்கு. 1993இல் எல் பாசோவிலும் 1994இல் சான் டியேகோவிலும் காவலர்களை வரிசையாக நிறுத்தி அந்த வழிகளை அடைத்தார்கள். எல்லைக் காவல் படையின் 1994ஆம் ஆண்டுத் திட்ட ஆவணம், போக்குவரத்து கடினமான நிலப்பரப்புக்குத் தள்ளப்படும், அங்கே கடப்பது சிரமம் என்பதால் வருகை குறையும் என்று கணக்குப் போட்டது. வருகை அவர்கள் நினைத்த அளவுக்கு நிற்கவில்லை. பாதைதான் அரிசோனாவின் சொனோரா பாலைவனத்துக்கு மாறியது.

அந்தப் பாலைவனத்தில் கோடையில் 40 டிகிரி சர்வசாதாரணம். நடை இரண்டு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். அந்த வெயிலில் நடக்கிற ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஏழெட்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஐந்து நாளைக்குக் கணக்குப் போட்டால் முப்பத்தைந்து, நாற்பது கிலோ. யாரால் தூக்க முடியும்? தண்ணீர் தீர்ந்ததும் மாட்டுத் தொட்டித் தண்ணீரைக் குடிக்கிறார்கள், வயிற்றுப்போக்கு வருகிறது, இருந்த கொஞ்ச நீரும் போகிறது. தசைகள் சிதைந்து சிறுநீரகம் அடைபடும். பிழைத்து மருத்துவமனைக்கு வருகிறவர்களிலும் சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்படுகிறது. 1998க்குப் பிறகு இந்த எல்லையில் கிடைத்த உடல்கள் 8,000க்கும் மேல் என்பது எல்லைக் காவல் படையின் சொந்தக் கணக்கு. கிடைக்காதவை அதில் வராது.

இன்னொரு விசித்திரம் டெக்சாஸின் புரூக்ஸ் கவுண்டி (கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி). அது எல்லையிலேயே இல்லை, நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. அங்கே ஃபால்ஃபூரியாஸ் ஊருக்கு அருகே நெடுஞ்சாலையில் ஒரு சோதனைச் சாவடி. அதைத் தவிர்க்க, கடத்தல்காரர்கள் ஆட்களை முன்னாலேயே இறக்கிவிட்டு, தனியார் பண்ணைகளின் மணலில் சுற்றி நடக்க வைக்கிறார்கள். எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டித் தப்பித்தவர்கள் அந்த நடையில் சாகிறார்கள். பெயர் தெரியாத உடல்களை ஊர்க் கல்லறையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைத்திருந்தது 2013, 2014இல் மானுடவியல் ஆய்வாளர்கள் தோண்டியபோதுதான் வெளியே வந்தது.

சுவரை உயர்த்தியதால் ஆள் வருவது குறைந்ததோ என்னவோ, உடம்புக்கு என்ன ஆனது?

சான் டியேகோ பகுதியில் பழைய தடுப்பு ஆறு முதல் பதினேழு அடி. 2019இல் அதை முப்பது அடியாக்கினார்கள், அதாவது மூன்று மாடி உயரம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ மருத்துவமனை மருத்துவர்கள் தங்கள் விபத்துப் பிரிவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2016 முதல் 2018வரை சுவரிலிருந்து விழுந்து சேர்க்கப்பட்டவர்கள் 67 பேர். 2019 முதல் 2021வரை 375 பேர். முன்பு சாவே இல்லை. பிந்தைய காலத்தில் 16 சாவு. குதிகால் எலும்பு நொறுங்குவது, முதுகெலும்பு முறிவது, தலைக்காயம்.

பிடிபட்டவுடன் என்ன நடக்கும்?

முதலில் எல்லைக் காவல் படையின் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இது சிறை அல்ல, சில மணி நேரம் உட்கார வைத்துப் பெயர், கைரேகை எடுப்பதற்குக் கட்டியது. படுக்கை கிடையாது. சிமென்ட் பெஞ்சு, அறைக்குள்ளேயே கழிப்பறை, அணையாத விளக்கு. ஏ.சி.யின் குளிரால் இந்த அறைகளுக்கு ஸ்பானிஷில் 'இயெலெரா' என்று பெயர், அதாவது ஐஸ் பெட்டி. போர்த்திக்கொள்ள அலுமினியத் தாள் மாதிரி பளபளக்கும் ஒரு விரிப்பு கிடைக்கும்.

பொதுவாக 72 மணி நேரத்துக்கு மேல் இங்கே வைக்கக் கூடாது என்று துறையின் விதி சொல்கிறது. கூட்டம் அதிகமான காலங்களில் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று இழுத்திருக்கிறது. பிறகு பெரியவர்கள் 'ஐஸ்' எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறையின் தடுப்பு மையத்துக்குப் போவார்கள், அல்லது திருப்பி அனுப்பப்படுவார்கள். 2025க்கு முன் வழக்குத் தேதியுடன் வெளியே விடப்பட்டதும் உண்டு. பெற்றோர் இல்லாமல் வந்த பிள்ளைகளை 72 மணி நேரத்துக்குள் சுகாதாரத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டுச் சட்டம்.

கொண்டுவந்த பொருள்கள்? அரிசோனாவின் அஹோ ஊர் நிலையத்தில் துப்புரவுப் பணியாளராக இருந்தவர் டாம் கீஃபர். குப்பைத் தொட்டியில் ஜெபமாலை, பைபிள், சீப்பு, பல் துலக்கி, பர்ஸ் என்று பறிமுதல் பொருள்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்து, வருடக்கணக்கில் அவற்றை எடுத்துவந்து புகைப்படமாக்கினார். சீப்பு போனால் வேறு வாங்கலாம். சர்க்கரை நோய்க்காரரின் மாத்திரையோ ஆஸ்துமா இன்ஹேலரோ பையோடு போய்விடுகிறது என்று எல்லை ஊர்களில் இவர்களைப் பார்க்கும் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். உயிருக்கு நேரடியாக ஆபத்தான பறிமுதல் இதுதான்.

மருத்துவப் பரிசோதனையே இல்லையா?

இருக்கிறது. 2018க்கு முன் அநேகமாகப் பெயரளவுக்கு. அதன்பின் ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் மருத்துவப் பணியாளர்களை அமர்த்தினார்கள். ஆனால் அவர்களில் குழந்தை மருத்துவம் படித்தவர்கள் குறைவு. யாரை மருத்துவமனைக்கு அனுப்புவது என்ற முடிவும் பல கைகளைத் தாண்டி வருகிறது. ஆம்புலன்சில் கூடவே ஒரு காவலர் போக வேண்டும், மருத்துவமனையில் காவல் இருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை உள்ள நிலையத்தில் 'காலையில் பார்க்கலாம்' என்ற எண்ணம் எப்படி வரும் என்று யூகிக்க முடிகிறது.

பரிசோதனை இருந்தும் குழந்தைகள் எப்படி இறந்தார்கள்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. நான்கு சாவுகளை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம்.

2018 டிசம்பரில் நியூ மெக்சிகோவின் தொலைதூர மூலையில் பிடிபட்ட குவாதமாலாவைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி, எல் பாசோ மருத்துவமனையில் செப்சிஸால், அதாவது உடம்பு முழுக்கப் பாதித்த தொற்றால், இறந்தாள். அதே மாதம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அதே நாட்டைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுவன், ஃப்ளூவோடு பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்து இறந்தான்.

2019 மே மாதம், டெக்சாஸில் பதினாறு வயதுப் பையன். ஃப்ளூ என்று உறுதியானது, காய்ச்சல் 103 டிகிரி. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், மோசமானால் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பார்த்த செவிலியர் சொல்லியிருந்தார். அவனை வெஸ்லாக்கோ நிலையத்தின் அறை ஒன்றுக்கு மாற்றினார்கள். இரவில் அவன் தரையில் விழுந்து கிடப்பது கேமராவில் பதிவானது. கண்காணித்ததாகப் பதிவேட்டில் எழுதியிருந்தது. காலையில் கழிப்பறை அருகே இறந்து கிடந்த அவனைக் கண்டுபிடித்தவன் கூட இருந்த இன்னொரு பையன்.

2023 மே மாதம், ஹார்லிங்கன் நிலையம். பனாமாவில் பிறந்த எட்டு வயதுச் சிறுமி. சிக்கிள் செல் ரத்தசோகை, பிறவி இதயக் கோளாறு இரண்டும் உண்டு. பெற்றோர் கையில் மருத்துவக் காகிதங்கள் இருந்தன. 72 மணி நேரம் என்பது ஒரு வாரத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் ஃப்ளூவும் வந்தது. காய்ச்சல் ஒரு கட்டத்தில் 104.9 டிகிரியைத் தொட்டது. கடைசி நாளில் வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல் என்று அம்மா அவளைத் திரும்பத் திரும்ப மருத்துவ அறைக்குக் கொண்டுபோனார், மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். காகிதங்களைப் பார்க்க மறுத்தார்கள், ஆம்புலன்ஸ் கோரிக்கையும் மறுக்கப்பட்டது. தொலைபேசியில் கிடைக்கக்கூடிய குழந்தை மருத்துவரை யாரும் கேட்கவில்லை. கடைசி முறை அம்மா தூக்கிக்கொண்டு ஓடியபோது பிள்ளைக்கு வலிப்பு போல வந்திருந்தது. நிலையத்தின் கேமராப் பதிவு வேலை செய்யவில்லை. இவற்றில் பெரும்பகுதி அந்தத் துறையே வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது.

இந்த நான்கிலும் மருத்துவத்துக்குப் புரியாத நோய் எதுவும் இல்லை. ஃப்ளூ, பாக்டீரியாத் தொற்று, ஏற்கெனவே கண்டறிந்து காகிதத்தில் எழுதிவைத்த ரத்தக் கோளாறு. என் கருத்தில், எல்லைக்குப் பெரிய மருத்துவமனை கட்டுவதை விட முக்கியமானது ஒரே ஒரு விதி: குழந்தைக்கு உடம்பு முடியவில்லை, மருத்துவமனைக்கு அனுப்புங்கள் என்று தாய் இரண்டாவது தடவை கேட்டால், காவலரோ ஒப்பந்தப் பணியாளரோ மறுக்க முடியக் கூடாது.

இவர்கள் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்கிறார்களே?

வருகிறவர்களுக்கும் மற்ற மனிதர்களைப் போலச் சளி, காய்ச்சல், சிரங்கு, பேன் எல்லாம் இருக்கும். ஆனால் எது எங்கிருந்து எங்கே பரவுகிறது என்று பார்க்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் ஓராண்டில் தடுப்பு மையங்களில் பொன்னுக்கு வீங்கி பரவியது. 57 மையங்களில் காவலில் இருந்த 898 பெரியவர்களுக்கு வந்தது என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமே வெளியிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றியது காவலில் இருந்தபோதுதான். நெருக்கியடித்து அடைத்து, அடிக்கடி ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் வைரஸுக்கு வேறென்ன வேண்டும்? அதைத் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசியை முதல் நாளே போட்டிருந்தால் பரவல் குறைந்திருக்கலாம்.

2020 மார்ச்சில் கோவிட்டைக் காரணம் காட்டி 'டைட்டில் 42' என்ற பழைய பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். தஞ்சம் கேட்க வாய்ப்பே தராமல் ஆட்களை உடனே வெளியேற்றினார்கள். அதில் கையெழுத்திட நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் மூத்த மருத்துவ அதிகாரி ஒருவர் மறுத்தார். பொதுச் சுகாதார நிபுணர்கள் பலரும் இதற்கு மருத்துவ அடிப்படை இல்லை என்றார்கள். அதே சமயம் சரக்கு லாரிகளும் அமெரிக்கக் குடிமக்களும் எல்லையில் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். டிரம்ப் தொடங்கியதை பைடனும் தொடர்ந்தார். 2023 மே 11இல்தான் முடிந்தது. அதற்குள் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வெளியேற்றங்கள்.

சோப்பு பற்றி ஒரு வழக்கு நடந்ததாமே?

ஆமாம், கதை அல்ல. பிள்ளைகளைப் 'பாதுகாப்பான, சுகாதாரமான' இடத்தில் வைக்க வேண்டும் என்று, காவலில் உள்ள பிள்ளைகளை நடத்துவது பற்றி ஒரு வழக்கில் அரசு ஒப்புக்கொண்ட 1997ஆம் ஆண்டு ஃப்ளோரெஸ் ஒப்பந்தம் சொல்கிறது. 2019 ஜூனில் அரசு வழக்கறிஞர், சோப்பும் பல் துலக்கியும் அதில் குறிப்பிட்டுச் சொல்லப்படவில்லை என்ற தொனியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வாதாடினார். எதிரே இருந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் வாலஸ் தஷிமா. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த முகாமில் சிறுவனாக இருந்தவர். அரசின் மேல்முறையீடு ஆகஸ்டில் தள்ளுபடியானது.

அந்த ஜூன் மாதமே டெக்சாஸின் கிளின்ட் நிலையத்துக்குப் போன வழக்கறிஞர்கள், பல நாளாகக் குளிக்காத பிள்ளைகளையும், யாரென்றே தெரியாத கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பத்து வயதுப் பிள்ளைகளையும் கண்டார்கள்.

பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தது மருத்துவப் பிரச்சினையா?

மருத்துவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். 2017, 2018இல் 5,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிரிக்கப்பட்டார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அப்போதைய தலைவர் கொலீன் கிராஃப்ட் டெக்சாஸில் ஒரு காப்பகத்துக்குப் போனார். இரண்டு வயதுகூட ஆகாத ஒரு பெண் குழந்தை, விரிப்பில் கையால் அடித்து அடித்து அழுதுகொண்டிருந்தது. பக்கத்தில் பணியாளர் பொம்மையும் புத்தகமும் நீட்டிக்கொண்டிருந்தார். தூக்கிச் சமாதானப்படுத்தக் கூடாது என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட விதி. பொம்மை, படுக்கை, உணவு எல்லாம் இருந்த இடம் அது. அங்கே இல்லாதது தாய்தான். கிராஃப்ட் இதைக் குழந்தை வதை என்று பகிரங்கமாகச் சொன்னார். 2020இல் 'மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள்' அமைப்பு இதைச் சித்திரவதை என்றே வகைப்படுத்தியது.

2018 ஜூன் 26இல் சான் டியேகோ நீதிபதி டானா சப்ரா சேர்த்துவைக்க உத்தரவிட்டார். ஆனால் யார் பிள்ளை யாருடையது என்று ஒழுங்காகப் பதிவு வைக்காததால் பல குடும்பங்களுக்கு வருடங்கள் ஆயின.

பாலைவனத்தில் தண்ணீர் வைப்பது குற்றமா?

அரிசோனாவின் டூசான் நகரில் 2000இல் தொடங்கிய 'ஹியூமேன் பார்டர்ஸ்' அமைப்பு அனுமதி பெற்று நீல நிறப் பீப்பாய்களில் தண்ணீர் வைக்கிறது. மேலே உயரமான கம்பத்தில் நீலக்கொடி, தூரத்திலிருந்து தெரிய. இன்னொரு அமைப்பான 'நோ மோர் டெத்ஸ்' பாதைகளிலேயே கேன்களை வைக்கிறது. அந்தக் கேன்களைச் சில எல்லைக் காவலர்கள் உதைத்தும் கவிழ்த்தும் கொட்டுவது வீடியோவில் இருக்கிறது.

அந்த அமைப்பின் தன்னார்வலர் ஸ்காட் வாரன், 2018 ஜனவரியில் இரண்டு பேருக்குச் சாப்பாடு, தண்ணீர், படுக்க இடம் கொடுத்ததற்காகக் கைதானார். முதல் விசாரணையில் ஜூரிகள், அதாவது தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்கள், ஒத்துப்போகவில்லை. 2019 நவம்பரில் இரண்டாவது விசாரணையில் விடுதலை. ஆக, குற்றமா என்றால் ஜூரி இல்லை என்றது. ஆனாலும் ஒருவர் ஏறக்குறைய இரண்டு வருடம் சிறைத்தண்டனை பயத்தோடு இருந்தார்.

எல்லைக் காவலர்கள் எல்லாரும் கொடுமைக்காரர்கள்தானா?

இல்லை. பாலைவனத்தில் வழி தவறியவர்களைத் தேடி எடுப்பதற்கென்றே அவர்களிடம் ஒரு பிரிவு 1998 முதல் இருக்கிறது. பாலைவனத்தில் அவர்கள் நட்ட அவசர அழைப்புக் கம்பங்களில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஆள் வருவார்கள். 2022 ஏப்ரலில் ஈகிள் பாஸில், ஆற்றில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றக் குதித்த டெக்சாஸ் தேசியக் காவல் வீரர் ஒருவர் தானே மூழ்கி இறந்தார். அதனால்தான் விதி முக்கியம் என்கிறேன். நல்ல காவலர் பணியில் இருக்கும் ஷிஃப்டில் பிடிபடுவது யார் கையிலும் இல்லை.

மெக்சிகோ பக்கம் நிலைமை பரவாயில்லையா?

2023 மார்ச் 27 இரவு, சியுடாட் ஹுவாரெசில் மெக்சிகோ குடியேற்றத் துறையின் தடுப்பு மையத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் எதிர்ப்புக்காக மெத்தைகளுக்குத் தீ வைத்ததாகச் சொல்லப்பட்டது. பணியாளர்கள் கம்பிக் கதவைத் திறக்காமலேயே நகர்ந்து போவது கேமராவில் தெரிகிறது. 40 ஆண்கள் இறந்தார்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இதில் நம் ஊர் ஆட்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 2023 நிதியாண்டில் அமெரிக்க எல்லைகளில் அதிகாரிகள் எதிர்கொண்ட இந்தியர்கள் மட்டும் 96,000க்கும் மேல். 2019 ஜூனில் அரிசோனா பாலைவனத்தில் இந்தியாவைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமி வெயிலில் இறந்தாள். அம்மா தண்ணீர் தேடிப் போயிருந்தார். 2022 ஜனவரியில் குஜராத்தின் டிங்குச்சா கிராமத்துக் குடும்பம் ஒன்று, இரண்டு பிள்ளைகள் உட்பட நால்வர், கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு நடந்து வரும்போது எமர்சன் ஊருக்கு அருகில் உறைந்து இறந்தது.

இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 2017 பிப்ரவரியில் எல்லையிலிருந்து 25 கஜ தூரத்தில் பிடிபட்டவர். ஊரில் வேனில் கடத்திக்கொண்டுபோய் அடித்ததாகச் சொன்னார். அதிகாரி அவர் அச்சத்துக்குச் சட்டப்படியான அடிப்படை இல்லை என்று நிராகரித்தார். அந்த முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கும்படி கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என்று 2020 ஜூனில் தீர்ப்பு வந்தது. உடம்பில் காயத் தழும்போடு வருகிறவரை ஒரு மருத்துவர் பார்த்து எழுதித் தந்தால் தஞ்ச வழக்கில் அது வலுவான சாட்சி. எல்லையில் நடக்கும் அவசர நேர்காணலில் அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்கா திருப்பி அனுப்பி, அதன் ராணுவ விமானத்தில் அமிர்தசரஸ் வந்திறங்கிய 104 இந்தியர்களுக்குக் கைவிலங்கும் கால்விலங்கும் போட்டிருந்தது பலருக்கு நினைவிருக்கும்.

நல்லபடி நடத்தினால் இன்னும் நிறையப் பேர் வந்துவிட மாட்டார்களா?

சிமென்ட் பெஞ்சுக்குப் பயந்து ஹோண்டுராஸிலிருந்து கிளம்பாதவர் யாராவது இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. 2023இல் வடக்கே போக ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொலம்பியாவிலிருந்து டேரியன் காட்டைக் கடந்து பனாமாவுக்குள் வந்தார்கள். சேறு, வெள்ளம், கொள்ளை, பாலியல் வன்முறை எல்லாம் தெரிந்தே. 2025இல் எல்லையில் பிடிபடுவோர் எண்ணிக்கை பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்தது உண்மைதான். தஞ்சம் கேட்கும் வாசலை அடைத்ததும் மெக்சிகோ தன் பக்கம் தடுத்ததும் அதற்குக் காரணம். அதற்கும் இன்ஹேலரைப் பிடுங்குவதற்கும் சம்பந்தமில்லை. திருப்பி அனுப்ப முடிவு செய்த ஆளையும் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

பிடிபட்டவர் நம் உறவினர் என்றால் குடும்பம் என்ன செய்யலாம்?

முதலில் அவருடைய 'ஏ நம்பர்' எனப்படும் குடியேற்றக் கோப்பு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐஸ் துறையின் இணையத் தேடலில் அந்த எண்ணையும் பிறந்த நாட்டையும் கொடுத்தால் எந்த மையத்தில் இருக்கிறார் என்று வரும். ஆனால் எல்லைக் காவல் படையின் பிடியில் 48 மணி நேரம் தாண்டும்வரை அதில் வராது, 18 வயதுக்கு உட்பட்டவர்களும் வர மாட்டார்கள். இரண்டு மூன்று நாள் தெரியாமல் போவது வழக்கம்.

மருந்துச் சீட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்தின் மூலப்பெயர், அளவு எல்லாவற்றையும் படமெடுத்து ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கொடுங்கள். மையத்துக்கு அவர் எழுத்தில் அனுப்பட்டும், வாய்ப்பேச்சு பதிவாகாது. உள்ளே இருப்பவரிடம் பேச முடிந்தால், நோயின் பெயரை ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொல்லச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் கேட்கச் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசி வழியாகக் கிடைப்பதுண்டு.

தூதரகத்துக்குத் தகவல் சொல்லலாமா என்பதில் மட்டும் யோசியுங்கள். வேலை தேடிப் போன இந்தியர் என்றால் சொல்வதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. சொந்த அரசுக்குப் பயந்து தஞ்சம் கேட்கிற இலங்கைத் தமிழர் என்றால், அவர் சம்மதமோ வழக்கறிஞரின் ஆலோசனையோ இல்லாமல் இலங்கைத் தூதரகத்தை அழைக்காதீர்கள்.